எந்த வாசலில் நுழைந்தாலும் பூரணி மஹால்

சனிக்கிழமையிலிருந்து கோகிலவாணி எந்த வாசலைத் தாண்டினாலும் பூரணி மஹாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். அடுப்படிக்குப் போனாலும் மஹால். மொட்டை மாடிக்குப் போனாலும் மஹால். அங்கே ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே வந்தால், புறப்பட்ட இடத்திலேயே நின்றாள். அவள் புறப்பட்ட இடம் வீட்டின் கூடம். ஆக, மூன்று நாளாகக் கூடத்திலும் மஹாலிலும் மாறி மாறிக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் இது அவள் லேப்டாப்பில்தான் இருந்தது. திருப்பூரில் பனியனுக்குள் கழுத்தோரம் உறுத்துமே ஒரு சின்னத் துணிச் சீட்டு, எப்படித் துவைக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கும் சீட்டு, அதை வரைந்து கொடுப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள். கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால் பூரணி மஹால் வந்தது. கரண்ட் பில் கட்டப் போனால் பூரணி மஹால் வந்தது. 'பூரணி மஹாலை எப்படி நீக்குவது' என்று தேடிப் பார்த்தாள். அதற்கும் பூரணி மஹாலே வந்து நின்றது. வாழைமரம் கட்டிய வாசல், உள்ளே சீரியல் விளக்கு, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒரு வரி. விரும்புகிறவர் யார் என்று போடவில்லை.

பிறகு அது லேப்டாப்பை விட்டு இறங்கிக் கதவுகளுக்கு வந்தது.

பக்கத்து வீட்டு மரகதம் அக்கா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"இந்த சீசன்ல எல்லார்த்துக்கும் வருது அம்மிணி. என்ற கொழுந்தியாளுக்கு எங்க போனாலும் நகைக்கடை. ஒரு மாசம். உனக்குச் சோறாவது போடறாங்க."

சோறு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பேசக் கூடாது. அவியல் அளவாக, பாயசம் சூடாக. வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒருவர் நிற்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத ஆள். எத்தனை முறை போனாலும் முதல் முறை பார்ப்பது போலவே கைகூப்புவார்.

"வாங்க வாங்க. உங்களத்தானுங்க பாத்துட்டிருந்தோம்."

சந்தனம் தொட்டுக்கொள்ள வேண்டும். கற்கண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தியில் உட்கார வேண்டும். சாப்பிடாமல் எழுந்தால் கை கழுவுமிடத்தை அடுத்த பின்வாசல் திறக்காது. நானூறு பேர் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டிலும் யாரும் இல்லை. எல்லாரும் அந்த நாற்காலிகளைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தது. சின்ன நாற்காலி. உட்கார்ந்தால் கால் தரையில் எட்டுகிற மாதிரி, ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்தது.

"கொழந்தையக் கூட்டீட்டு வரலீங்களா?" என்றார் பன்னீர்ச் செம்புக்காரர்.

தனக்குக் குழந்தை இருப்பதாக அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

"இல்லீங்க."

"அடுத்த தடவ கூட்டீட்டு வாங்க. இல்லீன்னா நாங்களே போயிக் கூட்டீட்டு வந்தர்றோம். விருந்துக்கு வந்த ஒறம்பரைக்கு எதுக்குங்க சிரமம்?"

அன்றைக்குத்தான் கோகிலவாணிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் சஷ்டிகாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அம்மாவோடோ அப்பாவோடோ மட்டும்தான் போக வேண்டும், வேறு யார் எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று சொன்னாள். சஷ்டிகா சரி என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. கணவன் குணசேகரன் காலையில் சஷ்டிகாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே ரயில் ஏறி லூதியானாவுக்கு நூல் பார்க்கப் போனான். மனைவிக்கு இப்படி இருக்கும்போது போகலாமா என்று கேட்காதீர்கள். நூல் விலை ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் குழந்தையைக் கூட்டிவர வேண்டியது அவள். அந்தப் பள்ளியில் தாய் தகப்பனைத் தவிர யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். நல்ல பள்ளிக்கூடம் என்று அதற்காகவே சேர்த்திருந்தாள்.

மத்தியானம் அவள் ஒத்திகை பார்த்தாள். தெருக்கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். மஹால். சாப்பிட்டுவிட்டு வந்தாள். முதுகைக் காட்டியபடி பின்னால் நடந்து தாண்டினாள். மஹாலில் எல்லார் முன்னாலும் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்ததுதான் மிச்சம். அதையும் சாப்பிட்டு வந்தாள். மூன்றாவது தடவை மரகதம் அக்காவை உள்ளே அழைத்துத் தன்னைத் தள்ளச் சொன்னாள். அக்கா நல்ல பலசாலி. தள்ளிய வேகத்தில் கோகிலவாணி மஹாலின் பந்தி வரைக்கும் போய் விழுந்தாள்.

அங்கே அவளுடைய இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை போட்டிருந்தார்கள். லட்டு வைத்திருந்தார்கள். பிடிக்க வசதியாகச் சின்ன டம்ளரில் தண்ணீர்.

"இது யாருக்குங்க?"

"பள்ளிக்கோடம் விட்டா பசியோட வருமில்லீங்க," என்றார் பரிமாறுகிறவர். "காரம் கம்மியா போட்டிருக்கறோம்."

கோகிலவாணி என்ன தின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பின்வாசல் வழியாகக் கூடத்தில் வந்து விழுந்ததும் பள்ளிக்குப் போன் போட்டாள். ஒரு முறை மணி அடித்ததும் எடுத்தார்கள். "பூரணி மஹாலுங்க," என்றது குரல். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. அவள் போனைத் தரையில் வைத்துவிட்டு அதிலிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மரகதம் அக்கா தன் போனிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தங்கராசுவைக் கூப்பிட்டாள். நீங்களே பள்ளிக்கும் போட்டு, குழந்தையைக் கூட்டிவர வருவதாகச் சொல்லுங்கள் என்று கோகிலவாணி கெஞ்சினாள். அக்கா போட்டாள். தாய் வந்தால்தான் கொடுப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தங்கராசு வந்தான். முப்பது வயதிருக்கும். தெருக்கதவைத் தாண்டிச் சாதாரணமாகக் கூடத்துக்குள் நடந்து வந்தான். அதைப் பார்க்கவே கோகிலவாணிக்குப் பொறாமையாக இருந்தது. லேப்டாப்பைப் பார்த்தான். நிலைக்கதவைப் பார்த்தான். பிறகு அவளுடைய உள்ளங்கைகளைக் காட்டச் சொன்னான்.

"கடசியா எதாச்சும் வாங்குனீங்களாக்கா?"

"ஒண்ணும் வாங்கலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காசு குடுத்து வாங்கறதில்ல. யாராச்சும் நீட்டி, நீங்க வாங்குனது."

அவள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரம். லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்க ஒரு தாம்பூலத் தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம், தேங்காய். அதன் பின்னால் வளையல் போட்ட இரண்டு கைகள். 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் எறும்பு அளவுக்கு 'வேண்டாம்' என்றும் எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், ஒரு சுமங்கலி தாம்பூலம் நீட்டினால் வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்லுவாள்? கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை இல்லையே என்று இரண்டு கையாலும் அமுக்கினாள். வாங்கிக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

சொல்லி முடித்தபோது தங்கராசு உச்சுக்கொட்டினான்.

"ரெண்டு கையாலயுமுங்களா?"

"ஆமாங்க."

"ஒத்தக் கையின்னா உருவி எடுத்துருவேன். ரெண்டு கையின்னா நீங்களே சம்மதிச்சுச் சம்பந்தம் பண்ணுன மாதிரி. கண்ணுல வேற ஒத்தியிருக்கறீங்க."

"எதாச்சும் பண்ணுங்க. பள்ளிக்கூடம் விடப் போகுது."

அவன் நிலைக்கதவின் மேல் விளிம்பில் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். மாவிலைத் தோரணம் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கூடத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. எல்லாம் பச்சை இலை, அப்போதுதான் பறித்தது. மரகதம் அக்கா ஜன்னல் வழியே கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசி இலையும் வந்த பிறகு தங்கராசு கையை உதறிக்கொண்டு, இப்போது தாண்டிப் பாருங்கள் என்றான். அவள் தாண்டினாள்.

மஹாலில் சின்ன இலையைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பன்னீர்ச் செம்புக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க பொறப்பட்டுட்டீங்க?" என்று கேட்டாள்.

"பக்கந்தானுங்க. நீங்க உக்காந்து சாப்புடுங்க," என்றார்.

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவள் சாப்பிட்டதில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்தபோது விக்கல் எடுத்தது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் தங்கராசுவுக்கு அவள் சொன்னது புரியச் சற்று நேரமானது.

"அப்ப ஒரே வழிதானுங்க்கா," என்றான். "உங்களுக்குள்ள சேத்து வெச்சதையெல்லாம் அழிச்சுப்போட்டு, புதுசா வாங்குன மாதிரி ஆக்கீரலாம். கதவு சரியாத் தொறக்கும். நெனச்ச எடத்துக்குப் போலாம்."

"அழிச்சா என்ன போகும்?"

"அடிக்கடி போற எடம். அடிக்கடி நெனைக்கற ஆளு. பேரு, மூஞ்சி. அந்த மஹாலு அதுக்குள்ளதான் ஒளிஞ்சுக்கும்."

"என்ற பொண்ணு?"

"அடிக்கடி நெனைப்பீங்களா?"

"எந்நேரமும் அதே நெனப்புத்தாங்க."

"அப்ப அங்கதானுங்க முழுசா ஏறியிருக்கும்."

மகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழிக்க முடியாதா என்று கேட்டாள். ஒன்றை விட்டால் எல்லாம் திரும்ப முளைத்துவிடும் என்றான். கையில் பெயரையாவது எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றாள். எழுத்து வழியாகவும் ஏறும் என்றான். குழந்தையை மறந்தால்தான் குழந்தையிடம் போய்ச் சேரலாம். போகாவிட்டால் செருப்பு மாட்டிக்கொண்டவர் போய்ச் சேர்ந்துவிடுவார். கோகிலவாணிக்குத் தங்கராசுவை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அவன் மேல் தப்பில்லைதான். ஆனாலும் அப்படி இருந்தது.

"நான் சொல்லித் தர்றேன் அம்மிணி," என்றாள் மரகதம் அக்கா ஜன்னலிலிருந்து. "நீ அழிச்சுக்க. வழி, பேரு எல்லாம் நான் சொல்றேன்."

தங்கராசு அவளைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னான். கட்டை விரலை நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பாட்டுச் சத்தம் கேட்டதும் விடலாம்.

அவள் அழுத்தினாள். முதலில் கம்பெனி போயிற்று. அவிநாசியில் இருக்கும் அம்மா வீடு போயிற்று. குணசேகரன் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி போனான். சுவரில் மாட்டியிருந்த படங்களிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள், சட்டத்துக்குள் சுவர் தெரிந்தது. அவள் சஷ்டிகாவை மட்டும் மனசுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோமே என்று யோசித்தாள். காதுக்குள் சின்னதாக ஒரு பாட்டு அடித்து ஓய்ந்தது.

"உன்ற பேரு கோகிலவாணி," என்றது ஜன்னலில் ஓர் அம்மாள். "உனக்கு ஒரு பொண்ணு. பேரு சஷ்டிகா. ஒண்ணாம் வகுப்பு. கெழக்கால போயி, தண்ணித் தொட்டிகிட்ட திரும்புனா பள்ளிக்கோடம். ஓடு."

"எப்படி இருப்பா?"

அந்த அம்மாள் யோசித்தாள். "கொழந்த மாதிரி இருக்கும்," என்றாள். "நீலக் கவுனு. ரெட்டச் சடை."

கோகிலவாணி தெருக்கதவைத் தாண்டினாள். தெரு இருந்தது. வெயில், சாக்கடை, சாயப் பட்டறை வண்டி, எல்லாம் இருந்தன. அவள் ஓடினாள். யாருக்காக ஓடுகிறோம் என்று தெரியவில்லை. ஆனால் கால்களுக்குப் பயம் இருந்தது, அவை நிற்கவில்லை.

பள்ளியின் கேட்டைத் தாண்டினாள். உள்ளே பள்ளிக்கூடம்தான் இருந்தது. நீலக் கவுனும் இரட்டைச் சடையுமாக நூறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எல்லாரும் குழந்தை மாதிரி இருந்தார்கள்.

தாய்மார்கள் வந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எப்படித்தான் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கோகிலவாணிக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட்டம் குறைந்தது. கடைசியில் வேப்பமரத்தடி பெஞ்சில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"சஷ்டிகாவா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "ஆமா," என்றது.

ஆயாம்மா வந்து, "ஏஞ் சாமி, இது உங்க அம்மாதான?" என்று பிள்ளையிடம் கேட்டாள். அந்தப் பள்ளியில் அப்படிக் கேட்டுத்தான் அனுப்புவார்கள். பிள்ளை மறுபடியும் பார்த்தது. "அம்மாதான்," என்றது. ஆயாம்மா விட்டுவிட்டாள்.

கைக்குள் சின்னக் கை இருந்தது. சூடாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக. கோகிலவாணிக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். முகம் நினைவில்லாவிட்டால் என்ன, இனிமேல் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கதவைத் திறந்தாள். வீடு இருந்தது. அடுப்படிக்குப் போனாள். அடுப்படிதான். திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். கூடம்தான். வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை போய் வந்தாள். தங்கராசு கிளம்பிவிட்டிருந்தான். பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். சடை அவிழ்ந்திருந்தது. மடியில் உட்கார வைத்துச் சீவினாள். ஒரு பக்கம் பின்னி முடித்து, அடுத்த பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கையில் பிடித்திருந்தபோது போன் அடித்தது.

"அம்மா," என்றது ஒரு சின்னக் குரல். "ஆயாம்மா போன்ல பேசறேன். நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்க. நீ ஏன் இன்னும் வரல?"

"யாரு?"

"நாந்தாம்மா. சஷ்டிகா."

கோகிலவாணி மடியில் இருந்தவளின் உச்சியைப் பார்த்தாள். வகிடு நேராக இருந்தது. பதறக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டால் போதும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான்.

"நேத்து நீ எதுக்கு அழுத?" என்று போனில் கேட்டாள்.

"பல்லு ஆடுச்சுல்ல. வலிச்சுது."

போனைப் பொத்திக்கொண்டு மடியில் இருந்தவளிடமும் அதையே கேட்டாள்.

"அப்பா ஊருக்குப் போறாருன்னு," என்றாள் அவள்.

இரண்டும் நல்ல பதில்கள். இரண்டுக்கும் ஒரு பிள்ளை அழும். கோகிலவாணி இரண்டு பதில்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரியான பதில் அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை.

மடியில் இருந்தவளின் வாயைத் திறக்கச் சொன்னாள். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடியது. போனில், அப்பா எங்கே என்று கேட்டாள். "ஊருக்குப் போயிட்டாருல்ல," என்றது குரல்.

"அம்மா, பக்கத்துல யாரு பேசறாங்க?" என்று போனில் கேட்டது.

"போன்ல யாரும்மா?" என்று மடியில் கேட்டது.

"யாருமில்ல கண்ணு," என்றாள் கோகிலவாணி.

இருவருக்கும் கேட்டுவிட்டது. போனில், தூரத்தில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ செருப்புக் காலோடு மண்ணில் நடந்து வந்தார்கள். ஆயாம்மாவின் குரல் எதையோ கேட்டது. குழந்தை பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

"அம்மாதான்," என்றது. பிறகு போனில், "வெச்சர்றேங்க. எங்கம்மா வந்துட்டாங்க."

போன் கட்டாகிவிட்டது. கோகிலவாணி திரும்பக் கூப்பிட்டாள். ஆயாம்மா போனுக்குத்தான் போயிற்று. அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"மறுபக்கம் பின்னு," என்றாள் சஷ்டிகா.